கரைப்பாட்டும் கணினியும்: பழைய மீடியா பிளேயர் புதிய இயங்குதளத்தில் இடம்பெற்ற வரலாறு

ஒரு பாட்டு இருவகையாக வாழலாம். பாடுவோர் நாவிலும் கேட்போர் நினைவிலும் வாழ்வது ஒரு வகை. கருவியிற் பதிவாகி, வேண்டும்போது மீள ஒலிப்பது மற்றொரு வகை. முதல் வகை வாழ்வுக்கு அப்பாட்டைப் பேணும் சமுதாயம் இருந்தாற் போதும். இரண்டாம் வகை வாழ்வுக்கோ, பதிவை இயக்கவல்ல கருவியும் வேண்டும். அக்கருவி மறையின், பதிவு பழுதுறாது இருப்பினும் பாட்டு ஊமையாகிவிடும். கணினியுகத்தில் இவ்வுண்மை எவ்வாறு வெளிப்பட்டது என்பதனை, பழைய மீடியா பிளேயர்களைப் புதிய இயங்குதளங்களில் நிறுவ மக்கள் மேற்கொண்ட முயற்சிகளின் வரலாறு கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்குப் புத்தளம் மாவட்டக் கரையோரம் பொருத்தமானதொரு தொடக்கமாகும். முந்தலுக்கு அண்மையில் அமைந்த உடப்பு என்னும் தமிழ்க் கிராமம் திரௌபதை அம்மன் கோயிலின் தீமிதிப்பு விழாவினால் மட்டுமன்றி, அம்பாப் பாடல்களாலும் பெயர்பெற்றது. கரைவலையின் இரு தலைக் கயிறுகளையும் பற்றி நின்று இழுப்போருள் ஒருவர் அடியெடுத்துப் பாட, ஏனையோர் அவ்வடியைத் தொடர்ந்து ஒலித்து ஒரே கணத்திற் கயிற்றை இழுப்பர். பாட்டின் தாளமே உழைப்பின் தாளம். எனவே அம்பா என்பது பொழுதுபோக்குக்காகப் பாடப்பட்டதன்று. அது தொழிற்கருவிகளுள் ஒன்றாகவே விளங்கிற்று எனலாம். பிற்காலத்தில் இலங்கையின் கரைவலைத் தொழிலிற் பல இடங்களிலும் உழவு இயந்திரத்திற் பொருத்திய உருளைகள் கயிற்றை இழுக்கலாயின. இயந்திரத்துக்குப் பாட்டு வேண்டியதில்லை. உழைப்பின் முறை மாறுமிடத்து, அவ்வுழைப்போடு பிறந்த பாட்டுக்கு எஞ்சும் புகலிடம் ஒலிப்பதிவே. அப்புகலிடம் எத்துணை உறுதியானது என்பதே இங்கு எழும் வினா.

வானொலியும் ஒலிநாடாவும் காட்டிய வழி

இதே கரையோரத்தில், சிலாபத்துக்குத் தெற்கே அமைந்த இரணவில, இவ்வினாவின் ஒரு பக்கத்தை விளக்குகின்றது. இலங்கையின் ஒலிபரப்பு 1925ஆம் ஆண்டில் ஆரம்பமாகியது. 1951ஆம் ஆண்டில் இலங்கை வானொலிக்கும் அமெரிக்காவுக்கும் இடையே ஏற்பட்ட உடன்பாட்டின்படி, வொய்ஸ் ஒப் அமெரிக்கா நிகழ்ச்சிகள் இலங்கையிலிருந்து அஞ்சல் செய்யப்பட்டன. 1983ஆம் ஆண்டில் இவ்வசதியை விரிவாக்கும் புதிய ஒப்பந்தம் செய்யப்பட்டபோது அது பிராந்திய அரசியற் பிரச்சினையாகவும் வளர்ந்தது. 1987ஆம் ஆண்டு யூலை 29ஆந் திகதிய இந்திய இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்களில், வெளிநாட்டு ஒலிபரப்பு நிறுவனங்கள் இலங்கையில் அமைக்கும் வசதிகள் இராணுவ, உளவு நோக்கங்களுக்குப் பயன்படாவண்ணம் அவற்றுடனான உடன்படிக்கைகள் மீளாய்வு செய்யப்படும் எனக் குறிக்கப்பட்டமை இதற்குச் சான்றாகும். காணியும் வாழ்வாதாரமும் பறிபோகும் என அஞ்சிய கரையோரக் கத்தோலிக்க மீனவரின் எதிர்ப்புக்கு இடையே 1990களில் இரணவில நிலையம் அமைக்கப்பட்டது.

அரசியலை ஒருபுறம் நிறுத்தித் தொழினுட்பத்தை மட்டும் நோக்கின், ஓர் அரிய உண்மை புலனாகும். 1990களில் எழுந்த அந்நிலையத்தின் சிற்றலை ஒலிபரப்பினை 1950களில் வாங்கப்பட்ட வால்வு வானொலிப்பெட்டி கொண்டும் கேட்க இயலும். அனுப்பும் கருவி புதிது. ஏற்கும் கருவி பழையது. ஆயினும் இரண்டும் ஒத்தியங்கின. இதற்குக் காரணம், அலைவீச்சுப் பண்பேற்றம் என்னும் முறை எந்த ஒரு நிறுவனத்தினதும் மறைபொருளாக இருக்கவில்லை என்பதே. அம்முறை நூல்களில் விளக்கப்பட்டிருந்தது; எவரும் அதற்கமையப் பெட்டி செய்யலாம்; பழுதுற்றால் கடைத்தெருவில் எவரும் திருத்தலாம். நிலையத்தை நிறுவியோர் கேட்போரின் பழைய பெட்டிகளைப் பயனற்றவையாக்க விரும்பினும், அதற்கான அதிகாரம் அவர்களிடத்து இருக்கவில்லை.

பழையதைக் கைவிடாத இப்பண்பு தற்செயலாக நேர்ந்ததன்று. 1953ஆம் ஆண்டில் அமெரிக்கா ஏற்றுக்கொண்ட வண்ணத் தொலைக்காட்சி முறை, கறுப்பு வெள்ளைப் பெட்டிகளிலும் படம் தோன்றும்வண்ணம் வகுக்கப்பட்டது. 1982ஆம் ஆண்டில் ரூபவாஹினி ஒளிபரப்பை ஆரம்பித்தபோது, வண்ணப் பெட்டி வாங்க வசதியற்றோரும் கறுப்பு வெள்ளைப் பெட்டியில் அதே நிகழ்ச்சியைப் பார்க்க முடிந்தமை இக்கொள்கையின் பயனேயாம். பிலிப்ஸ் நிறுவனம் 1963ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய கசெற் ஒலிநாடாவில் இக்கொள்கை மேலும் நுட்பமாக விளங்கிற்று. இருதட ஒலிப்பதிவு வந்தபோது இடத்தடமும் வலத்தடமும் அருகருகே இடப்பட்டன. ஆகவே, ஒருதடப் பழைய கருவியின் அகன்ற தலை இரு தடங்களையும் ஒருங்கே தொட்டு ஒரே ஒலியாக ஒலித்தது. புதிய நாடாவைப் பழைய கருவியும், பழைய நாடாவைப் புதிய கருவியும் இயக்கின. பொறியியலாளர் முயன்றால் இரு தலைமுறைக் கருவிகளை இணக்கலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கணினிக்குள் வந்த இசைப்பான்

கணினியுகத்தில் நிலை மாறிற்று. ஒலியை இயக்கும் கருவி பெட்டி வடிவை இழந்து மென்பொருளாயிற்று. அம்மென்பொருள் தானாக இயங்காது. இயங்குதளம் எனப்படும் அடித்தளத்தின்மீதே இயங்கும். ஒலியட்டையோடு பேசுதல், கோப்பைத் திறத்தல், திரையில் எழுத்துக் காட்டுதல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் அஃது இயங்குதளத்தையே வேண்டி நிற்கும். வீட்டின் அத்திவாரத்தை மாற்றினால் மேற்சுவருக்கு நேர்வது எதுவோ, இயங்குதளம் மாறும்போது மீடியா பிளேயருக்கும் அதுவே நேரும்.

இதன் முதன்மையான வரலாறு மைக்றோசொப்ற் நிறுவனத்தின் வின்டோஸ் மீடியா பிளேயரிற் காணப்படுகின்றது. அதன் 6.4ஆம் பதிப்பு சிறியது, விரைவாகத் திறப்பது, பழைய கணினிக்கும் பாரமாகாதது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த 7ஆம் பதிப்பு, பாடல் நூலகம், தோற்ற மாற்றம், இணைய வழிகாட்டி எனப் பலவற்றைச் சேர்த்துப் பருத்தது. 2001ஆம் ஆண்டில் வின்டோஸ் எக்ஸ்பி வெளிவந்தபோது, அதனுள் ஒன்றல்ல, மூன்று பிளேயர்கள் இருந்தன. முன்னிற்பது புதிய பதிப்பு. ஆயினும் 5.1ஆம் பதிப்பும் 6.4ஆம் பதிப்பும் தத்தம் கோப்புப் பெயர்களோடு உள்ளே இருந்தன. அவற்றின் பெயரறிந்தோர் கட்டளைப் பெட்டியில் அதனைத் தட்டி, பழைய பிளேயரையே திறந்து பயன்படுத்தினர். பழையதை நம்பியிருந்த ஏனைய மென்பொருள்களையும் பயனாளரையும் கைவிட முடியாமையினால் நிறுவனமே செய்துகொண்ட இணக்கமாக இதனைக் கொள்ளலாம். எக்ஸ்பியில் 2006ஆம் ஆண்டில் வெளிவந்த 11ஆம் பதிப்பை நிறுவியோரும், அதனை அகற்றி முந்திய பதிப்புக்குத் திரும்பும் வழியைப் பெற்றிருந்தனர்.

2007ஆம் ஆண்டில் விஸ்ரா வந்ததும் இவ்விணக்கம் முடிவுக்கு வந்தது. 11ஆம் பதிப்பு இயங்குதளத்தின் உறுப்பாகவே அதனோடு வந்தது, 6.4ஆம் பதிப்பு நீக்கப்பட்டது. முந்திய பதிப்புக்குத் திரும்பும் வழியும் அடைபட்டது. பழைய பதிப்பின் நிறுவற் கோப்பினை இயக்கின், அது தான் எத்தளத்தின்மீது நிற்கின்றது என வினவி, உரிய தளமன்று எனக் கூறி நின்றுவிடும். அச்சோதனையைத் தவிர்த்துப் பழைய கோப்புக்களைக் கைகளாற் பெயர்த்து இடுவோரை, தளத்தின் கோப்புக்களைக் காக்கும் பாதுகாப்பு முறை தடுத்தது. இத்தகைய காவல் 2000ஆம் ஆண்டு வின்டோசிலேயே தொடங்கியதெனினும், விஸ்ராவில் அது மேலும் இறுகிற்று. 2009ஆம் ஆண்டில் வின்டோஸ் 7, 12ஆம் பதிப்போடு வந்தபோது, 11ஐ அதில் நிறுவ முயன்றோரும் இதே தடைகளையே எதிர்கொண்டனர்.

இங்கு ஒரு வினா எழும். புதியது இலவசமாகவே கிடைக்க, பழையதை நாடியோர் ஏன் நாடினர்? பழமைமீது கொண்ட வெறும் பற்றே காரணம் எனக் கூறுதல் பொருந்தாது. குறைந்த நினைவகமுடைய கணினியைப் பயன்படுத்துவோர்க்குப் பருத்த மென்பொருள் தடையாயிற்று. பழகிய கைக்கு மாறிய பொத்தான்கள் இடராயின. இவற்றினும் முக்கியமானது உரிமை பற்றியது. விலைகொடுத்து வாங்கிய, பூட்டிடப்பட்ட பாடல்களின் இயக்கு உரிமத்தைப் படியெடுத்துக் காக்கும் வசதி முந்திய பதிப்புக்களில் இருந்தது. 11ஆம் பதிப்பில் அது நீக்கப்பட்டது. புதிய பதிப்பு என்பது எப்பொழுதும் கூடுதல் மட்டுமன்று. சிலவேளை அது பறித்தலுமாகும்.

ஒரு நிறுவனமே பழையதை அனுமதித்தமைக்கு அப்பிள் நிறுவனம் நல்ல எடுத்துக்காட்டாகும். 2009ஆம் ஆண்டு ஓகஸ்டில் வெளிவந்த ஸ்னோ லெப்பட் இயங்குதளம் குயிக்ரைம் பிளேயரை முற்றும் புதிதாக்கியது. அப்புதுமையில் முந்திய 7ஆம் பதிப்பின் தொகுப்பு வசதிகள் பல இல்லாதொழிந்தன. அவ்வசதிகளை நம்பித் தொழில் செய்தோர் இருந்தமையால், பழைய 7ஆம் பதிப்பையும் புதிய தளத்தில் விருப்பப்படி நிறுவிக்கொள்ள அப்பிள் இடமளித்தது. இரண்டும் பத்தாண்டுகள் அருகருகே வாழ்ந்தன. 2019ஆம் ஆண்டு ஒக்ரோபரில் வெளிவந்த கற்றலினா 32 பிற் மென்பொருள்களை ஏற்க மறுத்தபோது அப்பழைய பதிப்பின் வாழ்வும் முடிந்தது. நிறுவனம் விரும்பியவரை பழையது வாழ்ந்தது; விரும்பாதபோது மறைந்தது. இரணவிலவின் ஒலியைக் கேட்ட பழைய வானொலிப்பெட்டிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

சட்டமும் மாணவரும்

மீடியா பிளேயரை இயங்குதளத்தோடு பிணைத்தல் நீதியானதா என்னும் வினா நீதிமன்றம்வரை சென்றது. 2004ஆம் ஆண்டு மார்ச்சில் ஐரோப்பிய ஆணைக்குழு மைக்றோசொப்றுக்கு 49.7 கோடி யூரோ தண்டம் விதித்ததோடு, மீடியா பிளேயர் இல்லாத வின்டோசையும் விற்பனைக்கு விடுமாறு பணித்தது. 2007ஆம் ஆண்டு செப்ரெம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் இத்தீர்ப்பின் பெரும்பகுதியை உறுதிசெய்தது. ஆயின், அவ்வாறு வெளிவந்த வின்டோசை வாங்கியோர் மிகச் சிலரே. பிணைப்பைச் சட்டம் அவிழ்த்ததாயினும், பழைய பதிப்பினை நாடியவனுக்கு அதனாற் கிட்டிய பயன் சிறிதே.

பயன் வேறொரு திசையிலிருந்து வந்தது. 1996ஆம் ஆண்டில் பாரிசின் எக்கோல் சென்ற்றால் கல்லூரி மாணவர்கள், தம் வளாக வலையமைப்பிற் காணொளியை அனுப்பவும் பார்க்கவும் ஒரு மென்பொருளை எழுதத் தொடங்கினர். வீ.எல்.சி. என அறியப்படும் அது, 2001ஆம் ஆண்டில் மூலநிரலோடு உலகுக்கு வழங்கப்பட்டது. ஒலிக்கோப்பை விரிக்கும் நுட்பங்களை இயங்குதளத்திடம் வேண்டி நில்லாது, பெரும்பாலும் தன்னுள்ளேயே கொண்டிருத்தல் அதன் சிறப்பு. தளம் மாறினும் அது தன் சோற்றுமூட்டையைத் தானே சுமந்து செல்லும் வழிப்போக்கனை ஒத்தது. 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட எவ்.எவ்.எம்பெக் என்னும் திறந்த நிரற்றொகுதியும் அதற்குத் துணையாயிற்று. 1995ஆம் ஆண்டில் அறிமுகமாகி, தமிழ்ப் பாடல்களும் ஆரம்பகால இணையத்தில் உலவிய றியல் ஓடியோ வடிவக் கோப்புக்களை, உரிய பழைய பிளேயர் இன்றியே இன்றும் கேட்க முடிவது இத்தகைய முயற்சிகளாலேயாம். பெருநிறுவனம் ஒன்று கைவிட்ட கோப்புக்கு வாழ்வளித்தோருள் பல்கலைக்கழக மாணவரும் அடங்குவர் என்பது மாணவ சமுதாயம் எண்ணிப் பெருமைகொள்ளத்தக்கது.

பழையதை நிறுவும் வழிகளும் அவற்றின் இடர்களும்

பழைய பதிப்பையே புதிய தளத்தில் இயக்கவேண்டிய நிலை நேரின், மூன்று வழிகள் வழக்கில் உள்ளன. முதலாவது, இணக்க முறை. எக்ஸ்பி முதலாக வின்டோஸ் தளங்களில் உள்ள இவ்வசதி, பழைய மென்பொருளிடம் தான் பழைய தளமே எனப் பொய்யுரைத்து அதனை இயங்கச் செய்யும். தனித்து நிற்கும் சிறு மென்பொருள்களுக்கு இது போதுமாயினும், தளத்தின் உறுப்பாக மாறிவிட்ட மீடியா பிளேயருக்குப் பெரும்பாலும் போதாது. 16 பிற் காலத்து மென்பொருள்களையோ 64 பிற் வின்டோஸ் அறவே ஏற்பதில்லை. இரண்டாவது, மெய்நிகர் இயந்திரம். புதிய கணினிக்குள் கற்பனைக் கணினி ஒன்றை அமைத்து, பழைய தளத்தை முழுமையாக அதில் நிறுவி, அதன்மீது பழைய பிளேயரை இயக்குதல் இதன் தன்மை. வின்டோஸ் 7இன் உயர் பதிப்புக்களைப் பெற்றோர்க்கு எக்ஸ்பி முறை என்ற பெயரில் மைக்றோசொப்றே இதனை வழங்கியது. மூன்றாவது, பழைய பிளேயரை விடுத்துப் பழைய கோப்பை மட்டும் காத்தல். அதாவது, விளக்கம் வெளியிடப்பட்ட பொது வடிவத்துக்கு அதனை மாற்றுதல்.

இவ்விடத்து எதிர்த்தரப்பின் நியாயத்தையும் கூறுதல் கடனாகும். பழைய மென்பொருளில் கண்டறியப்பட்ட பாதுகாப்புக் குறைகளைத் திருத்துவார் இல்லாதபோது, அஃது அந்நியர் நுழையும் வாயிலாகின்றது. 2016ஆம் ஆண்டு ஏப்பிரலில், வின்டோசுக்கான குயிக்ரைமை அகற்றிவிடுமாறு அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்புப் பிரிவு அறிவுறுத்தியமை இக்காரணம் பற்றியே. எக்ஸ்பிக்கான பொது ஆதரவும் 2014ஆம் ஆண்டு ஏப்பிரல் 8ஆந் திகதி முடிவுற்றது. ஆகவே பழைய பிளேயரை இணையத்தோடு தொடுத்து வைத்திருத்தல் அறிவுடைமையாகாது. இணையத்தினின்று துண்டித்த மெய்நிகர் இயந்திரத்துள் வைத்துப் பேணுதலே தக்கது. நிறுவனங்கள் பழையதை நிறுத்துவதெல்லாம் பேராசையினால் எனக் கூறுவோர் இக்காரணத்தை மறத்தலாகாது. ஆயினும், பாதுகாப்பைக் காரணங்காட்டிப் பிளேயரை நிறுத்துதல் வேறு. கோப்பின் வடிவத்தை மறைபொருளாக வைத்து, மற்றெவரும் அதனை வாசியாவண்ணம் செய்தல் வேறு. முன்னது ஏற்கத்தக்கது, பின்னதற்கு நியாயம் காண்டல் அரிது.

தமிழருக்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. 1996ஆம் ஆண்டு முதல் எம்பி3 கோப்புக்களிற் பாடலின் பெயரையும் பாடியவர் பெயரையும் எழுதிவைக்கும் வழக்கம் பரவியது. இலங்கையில் அக்காலத்திற் பெரிதும் வழங்கிய பாமினி போன்ற எழுத்துருக்களில் அப்பெயர்கள் எழுதப்பட்டிருப்பின், யுனிகோட் முறையில் அமைந்த புதிய பிளேயர் அவற்றை ஆங்கில எழுத்துக்களாகவே காட்டும். மெய்யெழுத்தின் புள்ளி வரவேண்டிய இடத்தில் அரைப்புள்ளி வந்து நிற்கும். பாட்டு ஒலிக்கும், ஆனால் அது எவருடைய பாட்டு, எவ்வூர்ப் பாட்டு என்பது தெரியாது. பெயரிழந்த பதிவு ஆய்வாளனுக்கு அரைப்பயனே தரும். எனவே ஒலியை மாற்றும்போது பெயர்க்குறிப்பையும் யுனிகோட்டுக்கு மாற்றுதல் இன்றியமையாதது.

கரையோரத்துக்கு இவ்வரலாறு கூறுவது

இதுகாறும் கூறியவற்றால், பழைய கருவி புதிய சூழலில் வாழ்வதும் மாள்வதும் அதன் வயதைப் பொறுத்தனவல்ல என்பது தெளிவாகும். அறுபது ஆண்டுப் பழைமையுடைய வானொலிப்பெட்டி சிற்றலையைக் கேட்டது. ஐந்தாண்டுப் பழைமையுடைய மீடியா பிளேயர் புதிய தளத்தில் ஏற மறுக்கப்பட்டது. முன்னதன் முறை பொதுவுடைமை. பின்னதன் முறை தனியுடைமை. இவ்வேறுபாடே அவற்றின் விதியை வகுத்தது. எனினும் பொது முறையும் தனித்து நின்று காப்பதில்லை. இரணவில நிலையத்தின் அஞ்சல் ஒலிபரப்பு 2010களில் ஓய்ந்தபின், அவ்வொலியை ஏற்கவல்ல பெட்டிகள் இருந்தும் கேட்பதற்கு ஒலி இல்லை. கருவியும் வேண்டும், முறையும் வேண்டும், அவற்றுக்கு மேலாகத் தொடர்ந்து பேணும் மனிதரும் வேண்டும்.

உடப்புக் கரையின் அம்பாவைப் பதிவுசெய்ய முனைவோர் இப்பாடத்தை மனங்கொள்ளுதல் வேண்டும். பதிவுசெய்ததோடு கடமை முடிந்ததென எண்ணுதல் தவறு. கசெற்றில் உள்ளதாயின் அதனை இயக்கும் கருவி இயங்கும்போதே எண்முறைக்கு மாற்றுதல் வேண்டும். பூட்டில்லாததும் விளக்கம் வெளியிடப்பட்டதுமான வடிவத்தில் வைத்தல் வேண்டும். பாடியவர், கரை, ஆண்டு ஆகியவற்றை யுனிகோட்டில் எழுதுதல் வேண்டும். ஒரே இடத்தில் வையாது பல இடங்களிற் படிவைத்தலும் வேண்டும். 2005ஆம் ஆண்டில் தொடங்கி இலங்கைத் தமிழ் நூல்களையும் ஆவணங்களையும் எண்முறையிற் பேணிவரும் நூலகம் போன்ற முயற்சிகள் இதற்கு வழிகாட்டிகளாக உள்ளன. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களும் இப்பணியில் தம் பங்கை ஏற்றல் தகும்.

ஒரு காலத்தில் அம்பாவைக் காத்தது கயிறு பற்றிய கைகளின் ஒற்றுமை. ஒருவர் அடியெடுக்க மற்றவர் தொடர்ந்தமையாலேயே அப்பாட்டு தலைமுறை கடந்து வந்தது. பதிவுக்கும் அவ்விதியே பொருந்தும். ஒரு தலைமுறை பதிந்ததை அடுத்த தலைமுறை தன் காலத்துக் கருவிக்கு மாற்றி ஒப்படைக்கும்வரையே அது ஒலிக்கும். தொடர்ந்து இழுப்பார் இல்லையெனின் வலை கரை சேராது.